கூழ் காய்ச்சக் கற்றுக்கொண்டு வந்தோம்

(சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்று திரும்பிய பின், மகளிர் குழுக்களின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கதவோரம் நின்று கேட்கும் அண்ணன்மாரே, உள்ளே இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். சமையல் பேச்சு என்றதும் வெளியே போய்விட வேண்டாம்.

போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "சம்பளம் சம்பளம்னு பேசுறீங்க, சரி. வர்ற சம்பளத்த வச்சி மாசக் கடைசி பத்து நாள எப்படி ஓட்டுறதுன்னு யாராவது சொல்றீங்களா?" அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. சங்கத்துக்குள்ளேயே ஒரு தோழர், இதைப் பற்றிப் பேசவே கூடாது என்றார். "கொஞ்சத்தில் வாழத் தெரியும் என்று நாமே காட்டினால், அடுத்த சம்பளப் பேச்சில் அதையே எடுத்து நம் முகத்தில் எறிவார்கள்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.

விடுமுறையில் நாங்கள் ஒன்பது பேர், ஆசிரியர்களும் குழுப் பெண்களுமாக, யாழ்ப்பாணம் போனோம். தென்மராட்சியில், சாவகச்சேரிக்குப் பக்கத்தில், எங்களோடு பயிற்சியில் இருந்த ஒரு ஆசிரியையின் வீட்டில் 4 நாள் தங்கினோம். நல்லூர் பார்த்தோம், கடல் பார்த்தோம். ஆனால் அதிக நேரம் இருந்தது அந்த வீட்டுக் குசினியில்தான். அவருடைய அம்மாவுக்கு 70 வயதுக்கு மேல். பொருளாதாரத் தடைக் காலம் முழுவதையும் அந்த அடுப்படியிலேயே கழித்தவர்.

பிள்ளைகளுக்காக அந்தத் தடையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990இல் மறுபடி சண்டை தொடங்கிய பிறகு, வடக்குக்குப் பல சாமான்கள் போகவிடாமல் தடுக்கப்பட்டன. மண்ணெண்ணெய், பெற்றோல், சவர்க்காரம், பற்றரி, உரம் என்று பட்டியல் நீளம். மின்சாரமும் இல்லை. பிறகு 2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டதும், குடாநாட்டுக்குச் சாமான் கப்பலில்தான் வரவேண்டியிருந்தது. சங்கக் கடை வாசலில் விடியமுன் வரிசை.

அந்த அம்மா சொன்னது: "கடையிலை என்ன பிள்ளை இருந்தது? ஒண்டுமில்லை. வளவுக்கை இருந்ததைத்தான் திண்டனாங்கள்."

ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் விட்டு, சின்னத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்களாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்களாம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். சீனி இல்லாதபோது பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்தார்கள். விறகுக்குப் பனைமட்டை, ஊமல். நாங்கள் ஊமல் என்றால் என்ன என்று கேட்டோம். கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் பனங்கொட்டைக் கோது அது. அதைக்கூட அவர்கள் எறிவதில்லை.

சரி, கூழுக்கு வருவோம். பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அதைப் பிள்ளைகள் சும்மா கடித்துத் தின்னலாம். ஒடியலை இடித்து அரித்த மாவில்தான் கூழ். எட்டுப் பேருக்குக் கால் கிலோ மா போதும். மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு வடிக்க வேண்டும். இதை விட்டுவிடக் கூடாது என்று அம்மா மூன்று முறை சொன்னார். கசப்பும் வயிற்றுக்கு ஒவ்வாததும் அந்தத் தண்ணீரோடுதான் போகும். பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி சிவப்பரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்குத் துண்டு போட்டு அவியவிட்டு, மீன், நண்டு, இறால் எது கிடைத்ததோ அதைப் போடுவது. எல்லாம் அவிந்த பிறகு முருங்கையிலை. கடைசியில் செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, பழப்புளிக் கரைசல், உப்பு, கரைத்த ஒடியல் மா. அடிப்பிடிக்காமல் துழாவித் தடித்ததும் இறக்க வேண்டியதுதான். பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்தி, அதில் ஊற்றிக் குடிக்க வேண்டும். எங்கள் குழுவில் மீன் வாசமே ஆகாத ஒருவர் இருந்தார். மூன்று இலை குடித்தார். பெயர் சொல்ல மாட்டோம், இங்கேதான் இருக்கிறார்.

தடைக் காலத்தில் நண்டுக்கும் இறாலுக்கும் எங்கே போவது? கடலுக்குப் போகவே கட்டுப்பாடு. அப்போது கருவாட்டுத் தலையும் இலையும் மட்டும் போட்டுக் காய்ச்சினார்களாம். நமக்கு உதவுவது அந்த ஏழைக் கூழ்தான். இங்கே ஒரு பிடி நெத்தலிக் கருவாடு, பலாக்கொட்டை, போஞ்சி, கீரை போதும். ஒடியல் மா கிடைக்காவிட்டால் குரக்கன் மாவில் காய்ச்சலாம். குரக்கன் என்றால் வேறொன்றுமில்லை, நம் அம்மாயிமார் கேப்பை என்று சொன்னதுதான். கப்பலேறி வந்தவர்கள் காய்ச்சிக் குடித்த கூழை, மா ரொட்டி பழகியதும் நாம் மறந்துவிட்டோம். யாழ்ப்பாணத்து அம்மாவிடம் கேப்பைக் கூழ் என்று சொன்னபோது அவருக்கு விளங்கவில்லை. மாவைக் காட்டியதும் இருவருக்கும் சிரிப்பு.

பழஞ்சோற்றுக் குழையலையும் சொல்ல வேண்டும். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் விட்டு வைத்து, காலையில் பிழிந்து, மிஞ்சிய கறி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தேங்காய்ப்பால், தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்து உருட்டி, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு உருண்டை. நமக்குள்ளும் இது இருந்தது. வெறும் சாயத்தண்ணியோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதை விட இது எவ்வளவோ மேல். காலை முதல் பாடத்தில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவர்கள் என்பதால் சொல்கிறோம். இன்னொன்று: சாப்பாட்டோடு தேயிலைச் சாயம் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இதற்குச் சதக் காசு செலவில்லை.

மாவைப் பற்றி ஒரு விஷயம். யாழ்ப்பாணத்தில் கோதுமை மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, அரித்து, ஆறவிட்டுத்தான் தகரத்தில் போடுகிறார்கள். வறுத்த அரிசி மாவோடு கலந்து புட்டு அவிக்க அது நல்லது. சீக்கிரம் வண்டு வராது. நம் ஈர லயத்து அறைகளில் மா எப்படிக் கெட்டுப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும். கொட்டும் மாவும் காசுதானே. மிளகாய்த்தூளும் அப்படித்தான். செத்தல், மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம் வறுத்து நாலு வீடு சேர்ந்து மில்லில் அரைத்தால், சின்னப் பைக்கற்றாக வாங்குவதை விட மலிவு. கடலை, பயறு போன்றவற்றை இரவே ஊறவைத்தால் விறகு மிச்சம்.

கீரை பறிப்பவர்கள் கவனியுங்கள். மருந்தடித்த மலையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். எந்த மலையில் எப்போது மருந்தடித்தார்கள் என்று நம் அண்ணன்மாருக்குத்தான் தெரியும். அவர்கள் வீட்டில் சொல்ல வேண்டும். கிளினிக்கில் தரும் திரிபோஷா கர்ப்பிணித் தாய்க்கும் சின்னப் பிள்ளைக்கும். அதை வீட்டுக்கெல்லாம் பகிர்ந்து கொடுப்பதுதான் நம் வழக்கம். மனது நல்லதுதான், ஆனால் யாருக்குத் தேவையோ அவர்களுக்கே போய்ச் சேராமல் போகிறது.

இனி அந்தத் தோழர் சொன்ன விஷயம். தடைக் காலத்துக் கதை கேட்க அழகாக இருக்கிறது என்று நாங்கள் சொன்னபோது, அந்த அம்மாவே நிறுத்தினார். "வளவும் பனையும் இருந்த நாங்கள் சமாளிச்சம். குடியிருக்கத் துண்டுக் காணி இல்லாத சனம் என்ன செய்தது எண்டும் கேளுங்கோ." அடுத்தவர் பனையில் ஏறிச் சீவிப் பிழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு பனை இல்லை. அவர்கள் சங்கக் கடை வரிசையில்தான் நின்றார்கள். நமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பழைய கணக்குகள் பல உண்டு. அவற்றை இன்று பேசவில்லை. ஆனால் இதை மறைக்காமல் சொன்ன அந்த அம்மாவுக்கு நன்றி.

நம் பக்கத்தைப் பாருங்கள். 1973, 74 பஞ்சத்தை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறீர்கள். அரிசியும் மாவும் குறைக்கப்பட்டு, மரவள்ளியும் கீரையும் தின்று, அதுவும் இல்லாமல் தோட்டங்களில் ஆட்கள் செத்தார்கள். தப்பிக்க வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் இந்த மண்டபத்தில் உள்ளவர்களின் சொந்தங்கள்தான். அதே வருடங்களில், இறக்குமதி தடுக்கப்பட்டதால், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மிளகாயும் வெங்காயமும் செய்து நன்றாகச் சம்பாதித்தார்கள். அரசாங்கம் ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். அவர்கள் நின்றது சொந்த மண்ணில், நாம் நின்றது கம்பெனி மண்ணில். நம் சிக்கனம் குறைந்ததாலா நாம் பட்டினி கிடந்தோம்?

2016ஆம் ஆண்டின் சனத்தொகை சுகாதார ஆய்வு, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர் என்றது. தோட்டப்புறத்தில் கிட்டத்தட்ட 32. நாள் சம்பளம் 1000 ரூபாய்க்காகப் பல வருடம் தெருவில் நின்றோம். 2021 மார்ச்சில் வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரே வருடத்தில் சாப்பாட்டு விலை ஏறக்குறைய இரட்டிப்பு. பிறகு 2024இல் 1350 ரூபாய். வயிற்றில் இதற்கு மேல் குறைக்க எதுவும் இல்லை. ஆகவே நாங்கள் சொல்லும் சிக்கனம் வயிற்றைச் சுருக்குவதல்ல, நம் கையை விட்டு வீணாகப் போகும் காசைப் பிடிப்பது.

அந்தக் காசு எங்கே போகிறது? பெரும்பாலும் கடன் கொப்பியில். போன வருடம் எங்கள் லயத்தில் ஒரு அக்கா, தன் மகளின் பழைய அப்பியாசக் கொப்பியில், கடையில் வாங்கியதைத் திகதியோடு எழுதத் தொடங்கினார். மாதக் கடைசியில் கடைக் கொப்பியோடு ஒத்துப் பார்த்தால், 5 கிலோ மா இரண்டு இடத்தில் விழுந்திருந்தது. சண்டை போடவில்லை, கொப்பியைக் காட்டினார். கழித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் எத்தனை மாதம் அப்படிப் போனதோ, யாருக்குத் தெரியும்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் இரண்டு முடிவு எடுக்கக் கேட்கிறோம். பத்துப் பத்துக் குடும்பமாகச் சேர்ந்து, சம்பள நாளன்றே காசு போட்டு, மாவும் பருப்பும் சீனியும் கருவாடும் மூட்டையாக டவுனில் வாங்கிப் பிரிப்போம். யாழ்ப்பாணத்தில் பனஞ்சீவல் தொழிலாளர்கூடக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்துதான் தங்கள் கள்ளுக்கு விலை பெற்றார்கள். ஓட்டோக் கூலியையும் பத்தாகப் பிரிக்கலாம். தராசு சங்கக் காரியாலயத்தில் இருக்கும். காசை வைத்திருப்பவர் ஒருவர், கொப்பி எழுதுபவர் வேறொருவர். ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுக்காதீர்கள், அது நாங்களாக இருந்தாலும் சரி. தீபாவளி முற்பணத்தை முழுவதும் உடுப்பிலும் வெடியிலும் விடாமல், ஒரு பங்கை இந்த மூட்டைக்கு வைத்தால், கார்த்திகை மாதம் கடன் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாதம் சாப்பாட்டுச் செலவுக் கொப்பி எழுதுவோம். எத்தனை வாய், எத்தனை பேர் போட்ட நாள், எவ்வளவு மா, எத்தனை நாள் பிள்ளைக்கு முட்டை. எழுத முடியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் எழுதட்டும், வீட்டுப் பாடமாகவே எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கொப்பிகளைச் சேர்த்துக் கட்டி, அடுத்த சம்பளப் பேச்சுக்கு நம் ஆட்கள் எடுத்துப் போவார்கள். தோழர் பயந்தாரே, கொஞ்சத்தில் வாழத் தெரியும் என்று காட்டிவிடுவோம் என்று. கொப்பியைத் திறந்தால் வாழவில்லை என்பது தெரியும். காணிக் கோரிக்கையோடும் அதையே வைப்போம். 2015க்குப் பிறகு வீட்டுக்கு 7 பேர்ச் என்று சொன்னார்கள். எத்தனை பேருக்குக் கைக்கு வந்திருக்கிறது, எத்தனை பேர் கையில் உறுதி இருக்கிறது என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.

கானோரத்தில் நட்ட மரவள்ளியைப் பிடுங்கச் சொன்ன கதை இங்கே நாலைந்து பேரிடம் இருக்கிறது. அதையும் எழுதுங்கள், திகதியோடு.

யாழ்ப்பாணத்திலிருந்து 2 கிலோ ஒடியல் மாவும் ஒரு பை முருங்கை விதையும் கொண்டுவந்திருக்கிறோம். நம் குளிரில் முருங்கை வருமா என்று தெரியவில்லை. கீழ்ப்பிரிவில் உள்ளவர்கள் முதலில் போட்டுப் பாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை 10 மணிக்குப் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் கூழ் காய்ச்சுகிறோம். பலாக்கொட்டை இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். பலா இலை மேட்டு லயத்து மரத்தில் பறிக்கலாம், அந்த வீட்டில் கேட்டுவிட்டோம். விறகு அண்ணன்மார் பொறுப்பு. அடியில் துழாவ நல்ல கை வேண்டும், அதையும் அவர்களே செய்யட்டும்.