சாமி இல்லாத வண்ணங்கள்

(சிவகாசியில் இளம் வாசகர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு கருத்தரங்கில் ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் அரூப ஓவியங்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். முடித்ததும் பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "நீங்க பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. உங்க மக்களோட வலியை எழுதலாமே, இதெல்லாம் எதுக்கு?" அக்கறையோடுதான் கேட்டார். நமக்கு வலி, அவர்களுக்கு வண்ணம் என்று அந்த அக்கறைக்குள் ஒரு பாகப்பிரிவினை இருக்கிறது.

அரூபம் என்றால் ஆள், மரம், வீடு என்று அடையாளம் சொல்ல எதுவும் இல்லாமல் நிறமே பேசுகிற ஓவியம். ஆதிமூலம் நேராக அங்கே போய்விடவில்லை. 1938இல் திருச்சி மாவட்டம் கீராம்பூரில் பிறந்தவர். 1966இல் சென்னை ஓவியக் கல்லூரியில் படிப்பை முடித்தார். 1969இல், காந்தி நூற்றாண்டில், காந்தியைக் கோடுகளால் வரைந்து தள்ளினார். பிறகு மன்னர்கள், ஆடம்பரம் கலைந்து, உருக்குலைந்து நிற்கிற மன்னர்கள். அதிகாரத்தின் உருவத்தைக் கலைத்துப் பார்த்தவர், அதன்பின் உருவத்தையே விட்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன். அவருடைய வண்ணப் பரப்புகளில் மண்ணும் வானும் ஈரமும் தெரியும். அந்த நிலத்துக்கு வரப்பு கிடையாது, பட்டாவும் கிடையாது.

அவரைச் சாதி ஒழிப்பு ஓவியர் என்று சொல்ல மாட்டேன். அவர் படங்கள் தொங்கிய காலரிகளுக்கு நம் ஆட்கள் போனதும் குறைவு. ஆனால் சிறுபத்திரிகைகளிலும் நூல் அட்டைகளிலும் அவர் எழுதிய கட்டற்ற தமிழ் எழுத்துகள் நம் கைக்கே வந்தன.

நம் ஊரில் நிறம் என்றால் சாமிப்படம். கோவில்பட்டியில் கொண்டைய ராஜு வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக வீடுவீடாகப் போயின. இன்னொரு நிறம் பயர் ஆபீசில் இருக்கிறது: ஸ்ட்ரான்சியம் சிவப்பு, 2018 தடைக்கு முன்பு பேரியம் பச்சை, அலுமினியப் பவுடரின் வெள்ளி. அதைக் கலக்கும் கைகளில் கணிசமானவை தலித் கைகள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை எழுதத்தான் வேண்டும், எழுதுவேன்.

ஆனால் என் அம்மாவையும் எழுத வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் அவர் நகக்கண்ணில் வெள்ளி போகாது. சேலை எடுக்கப் போனால், கடைக்காரர் சலித்துப்போகும்வரை பச்சைக்கும் பச்சைக்கும் வித்தியாசம் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு யாரும் ரசனை என்று பேர் வைத்ததில்லை.

ஆப்செட் மிஷின் ஓட்டும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். கலர் செட் ஆகும்வரை ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடித்துக் கழிக்கிற வேஸ்ட் ஷீட்டுகள் இருக்குமே, முருகன் முகத்தின்மேல் பிஸ்கட் பாக்கெட், அதன்மேல் வெறும் நீலம். சின்ன வயதில் நோட்டுக்கு அட்டை போட்டதெல்லாம் அதில்தான். அடுத்த கூட்டத்துக்கு நாலு ஷீட் எடுத்து வாருங்கள். ஆதிமூலத்தின் படங்களை நான் கொண்டுவருகிறேன். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்துப் பேசலாம்.