பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரைக் கேட்பது?

பிறந்த ஊரிலேயே வாழ்பவருக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஓர் ஐயம் எழுந்தால், அதைத் தீர்த்துக்கொள்ள நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தலைமை ஆசிரியர் தெரிந்தவராக இருப்பார். கல்வி அலுவலகத்தில் உறவினர் ஒருவர் வேலை பார்ப்பார். அவருக்கும் தெரியாவிட்டால் கோயில் வாசலில் நாலு பேரைக் கேட்டு அறிந்துகொள்ளலாம். வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இந்த வசதி இல்லை. நாம் கேட்க விரும்புவதை எழுதித்தான் கேட்க வேண்டும். எழுதுவதற்கு முன்னர், எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இதை அறியாமையால் நம்மவர் கேள்விகள் பல, விடை இல்லாமலோ, விடை போன்ற ஒன்றைப் பெற்றோ முடிந்துவிடுகின்றன. அரசாங்கத்தின் கல்வித் துறை ஒரு கேள்வியை எவ்வாறு கையாளுகிறது என்பதை இன்று சற்றே ஆராய்வோம்.

பொதுப்படப் பேசுவதைவிட, ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவைத் தரும். ஹைதராபாத்தின் மேற்கே, பட்டான்செருவுக்கு அண்மையில் உள்ள ராமச்சந்திராபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1964இல் அமைந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் உதவியோடு எழுந்த தொழிற்சாலை இது; திருச்சிராப்பள்ளியில் அதே நிறுவனத்துக்கு உள்ள கொதிகலன் தொழிற்சாலையும் அந்நாட்டின் உதவியோடு எழுந்ததே. திருச்சியில் கொதிகலன், ராமச்சந்திராபுரத்தில் அதன் நீராவியால் சுழலும் டர்பைன் என்று இரண்டும் உடன்பிறப்புகளைப் போல் விளங்குகின்றன. இத்தகைய ஊருக்குப் பல மாநிலத்தவரும் வேலைக்கு வருவது இயல்பு; தமிழரும் வந்தனர். வந்தவர்கள் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்தனர். கேள்விகளும் தொடங்கின.

இவ்வூரின் முகவரி எத்தனை முறை மாறியிருக்கிறது என்று பாருங்கள். தொழிற்சாலை தோன்றிய நாளில் இது ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில் இருந்தது. 2007இல் ஹைதராபாத் பெருமாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதனோடு சேர்க்கப்பட்டது. 2014இல் தெலங்கானா தனி மாநிலமாயிற்று. 2016இல் மாவட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது ராமச்சந்திராபுரம் சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. நகரம் பெயரளவில் ஹைதராபாத், மாவட்டம் சங்காரெட்டி. ஆகவே, ஹைதராபாத் என்று முகவரி எழுதும் ஒருவர், தம் தெருவிலுள்ள அரசுப் பள்ளியைப் பற்றி ஹைதராபாத் மாவட்டக் கல்வி அதிகாரிக்கு எழுதினால், கடிதம் தவறான வாயிலில் நிற்கும். பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவர்தாம் மாறிக்கொண்டிருக்கிறார்.

இனி, பள்ளிகளின் வகையைப் பார்ப்போம். இத்தகைய தொழில் நகரங்களில் பொதுவாக மூவகைப் பள்ளிகளைக் காண்கிறோம். மாநில அரசோ உள்ளாட்சி மன்றமோ நடத்தும் பள்ளி ஒன்று. மத்திய அரசு ஊழியரின் குழந்தைகளை முன்னிட்டு 1963இல் தொடங்கப்பட்ட கேந்திரீய வித்யாலயம் மற்றொன்று. தனியாரோ நிறுவனங்களோ நடத்துவது மூன்றாவது. மாநிலப் பள்ளிக்கு மண்டலக் கல்வி அதிகாரியும், அவருக்கு மேல் மாவட்டக் கல்வி அதிகாரியும், அவருக்கு மேல் மாநிலக் கல்வி இயக்குநரும் பொறுப்பு. கேந்திரீய வித்யாலயத்துக்கு அதன் மண்டல அலுவலகமும், டில்லியிலுள்ள தலைமை அலுவலகமும், அதற்கு மேல் மத்தியக் கல்வி அமைச்சகமும் பொறுப்பு. தனியார் பள்ளி மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தோடு இணைந்ததாயினும், அந்த வாரியம் பாடத்திட்டம், தேர்வு, இணைப்பு நிபந்தனை ஆகியவற்றையே கவனிக்கும். பள்ளி நடத்துவதற்குரிய அங்கீகாரம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. ஒரே தெருவில் வாழும் மூன்று குடும்பங்கள் ஒரே கேள்வியைக் கேட்க விரும்பினாலும், மூன்று வெவ்வேறு வாயில்களைத் தட்ட வேண்டும் என்பது இதன் பொருள்.

நம்மில் பலர் இந்த வாயில்களையெல்லாம் விட்டு, நேரே டில்லிக்கு எழுதுகிறோம். பெரிய இடத்துக்கு எழுதினால் விரைவில் நியாயம் கிடைக்கும் என்பது நம் நம்பிக்கை. அங்கிருந்து வரும் விடையோ பெரும்பாலும் ஒரே பாங்கில் இருக்கும்: ‘கல்வி பொதுப் பட்டியலில் உள்ளது, பள்ளிகளில் பெரும்பாலானவை மாநில அரசுகளின் ஆளுகைக்கு உட்பட்டவை.’ இதைத் தட்டிக்கழிக்கும் பேச்சு என்று நினைத்து மனம் கசந்து போகிறோம். ஆனால் அதில் உண்மை இருக்கிறது. அரசியலமைப்பு வகுக்கப்பட்டபோது கல்வி மாநிலங்களின் பட்டியலிலேயே இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தமே அதைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் செய்யும் அதிகாரம் இருவருக்கும் உண்டாயிற்றே தவிர, மாநிலப் பள்ளியின் ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் டில்லிக்கு உரிய வேலையாக ஆகவில்லை. டில்லி அமைச்சகம் 1985இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பெயர் பெற்று, 2020இல் மீண்டும் கல்வி அமைச்சகம் ஆயிற்று. இந்த எல்லை மட்டும் மாறவில்லை.

அமைச்சகம் கட்டாயமாக விடை கூற வேண்டிய ஓர் இடம் உண்டு. அது பாராளுமன்றம். உறுப்பினர் ஒருவர் பள்ளிகளைப் பற்றிக் கேள்வி கேட்க விரும்பினால், குறைந்தது 15 நாள்களுக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். கேள்வி அமைச்சகத்தை அடைந்ததும், அதற்குரிய பிரிவுக்குப் போகிறது. மாநிலங்களிடமிருந்து விவரம் தேவையானால் கேட்டு வாங்குகிறார்கள். விடை தயாராகி, மேலதிகாரிகளைக் கடந்து அமைச்சரின் ஒப்புதலைப் பெறுகிறது. உடுக்குறி இட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து விடை சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்விகளும் எழலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இத்தகைய கேள்விகள் 20 மட்டுமே பட்டியலில் இடம்பெறும். உடுக்குறி இல்லாதவற்றுக்கு விடை எழுத்து வடிவில் வைக்கப்படும்.

‘விவரம் சேகரிக்கப்படுகிறது, பின்னர் அவையின்முன் வைக்கப்படும்’ என்று சில வேளை விடை வருவதைச் செய்தித்தாள்களில் படித்திருப்போம். அதோடு கேள்வி புதைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அப்படிச் சொன்னது அரசாங்கத்தின் ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் எழுதப்படுகிறது. அத்தகைய உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே 1953இல் மக்களவையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மூன்று மாதத்துக்குள் உறுதிமொழி நிறைவேற வேண்டும் என்பது விதி. ஆகவே, தங்கள் தொகுதி உறுப்பினர் மூலம் கேள்வி எழுப்பியவர்கள், விடை வந்த நாளோடு ஓய்ந்துவிடாமல், அந்த உறுதிமொழி என்னவாயிற்று என்பதையும் தொடர்ந்து விசாரிக்க வேண்டும்.

உறுப்பினரை அணுக இயலாத சாதாரணக் குடிமகனுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வழி செய்தது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் கேட்டால், 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு எழுதியிருந்தாலும், உரிய அலுவலகத்துக்கு அவர்களே 5 நாள்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். தனியார் பள்ளியை நேரே கேட்க இயலாவிடினும், சட்டப்படி அதனிடமிருந்து கல்வி அதிகாரி பெறக்கூடிய விவரங்களை அதிகாரியிடம் கேட்கலாம். ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இச்சட்டம் அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத் தரும்; அதிகாரியின் கருத்தை வரவழைத்துத் தராது. ‘எங்கள் பள்ளியில் ஏன் தமிழ் கற்பிக்கவில்லை?’ என்று கேட்டால், விடை சொல்ல ஆவணம் இல்லை என்று வரக்கூடும். ‘கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழ் கற்பிக்கக் கோரி எத்தனை விண்ணப்பங்கள் வந்தன? அவற்றின்மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகலைத் தருக’ என்று கேட்டால், ஒரு விடை இருந்தே தீரும். அது ‘ஒன்றும் வரவில்லை’ என்பதாகவும் இருக்கலாம்.

அந்த விடைக்கு நாம் அஞ்ச வேண்டும். ஏனெனில், தாய்மொழிக் கல்வி பற்றிய விதிகள் எல்லாம் எண்ணிக்கையின்மேல் கட்டப்பட்டவை. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்களின் மாநாடு ஒரு தீர்மானம் செய்தது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் இருக்க வேண்டும். அது பிரதேச மொழியினின்று வேறானால், ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ, பள்ளி முழுவதும் 40 பிள்ளைகளோ அம்மொழியினராக இருக்கும்போது ஓர் ஆசிரியரையேனும் நியமிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெற்றோர் எதைத் தாய்மொழி என்று அறிவிக்கிறார்களோ அதுவே குழந்தையின் தாய்மொழி என்றும் அத்தீர்மானம் கூறியது. மாநிலச் சீரமைப்பை ஒட்டி 1956இல் வந்த 7ஆவது திருத்தம், அரசியலமைப்பில் 350அ, 350ஆ என்ற இரு பிரிவுகளைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்பது முன்னது. இப்பாதுகாப்புகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தர ஒரு தனி அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பது பின்னது. அதன்படி 1957இல் முதல் ஆணையர் பொறுப்பேற்றார்.

‘முயல வேண்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது ‘கொடுத்தே ஆக வேண்டும்’ என்பதைவிட மெலிந்த சொல். ஆணையரும் விசாரித்து அறிக்கை எழுதலாமேயன்றிக் கட்டளையிட இயலாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்ற அளவு தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்றுதான் கூறுகிறது. சட்டம் இவ்வாறு மெலிந்திருக்கும் இடத்தில், அதற்கு வலுவூட்டுவது நம் கையெழுத்துக்களின் எண்ணிக்கையே. தமிழர் திரளாக வாழ்ந்து, திரளாகக் கேட்ட இடங்களில் பலன் கிட்டியிருக்கிறது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளை நடத்திவருகிறது; கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களிலும் தமிழ் வழிப் பள்ளிகள் உள்ளன. டில்லியில் தமிழரே கல்விக் கழகம் ஒன்றை அமைத்துப் பள்ளிகளை நடத்துகின்றனர். பத்துக் குடும்பம் ஒரு தெருவிலும், பத்துக் குடும்பம் வேறு பேட்டையிலுமாகச் சிதறி வாழும் ஊர்களில்தாம் கேள்வியும் சிதறிப் போகிறது.

தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டின் சட்டப்படி, முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் தெலுங்கு படிப்படியாகக் கட்டாயப் பாடம் ஆக்கப்பட்டது. இதை நாம் குறையாகக் கருத வேண்டியதில்லை. வாழும் நாட்டின் மொழியை நம் பிள்ளைகள் பிழையறக் கற்பது அவர்களுக்கு நன்மையே. அண்டை வீட்டாருக்கு மரியாதையுமாகும். தெலுங்கைக் கற்பதும் தமிழைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. தமிழ் எழுத்து அறியாமல் தமிழ் பேசும் பிள்ளைகள் ஒரு தலைமுறை வளர்ந்தால், அடுத்த தலைமுறையில் பேச்சும் நிற்குமா என்பது ஐயமே. அதுவே நம் முன்னுள்ள கவலை.

ஊர் மாறி வருவோர் அறிய வேண்டிய வேறு இரண்டு உரிமைகளும் கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ளன. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தை, வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும், அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமை உடையது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. இது ஒன்று. குழந்தையின் உரிமை மீறப்பட்டால், உள்ளாட்சி அதிகாரத்துக்கு எழுத்து மூலம் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால், மாநிலக் குழந்தை உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். இது மற்றொன்று.

முடிவாக, கேள்வியை எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறோம். பள்ளியின் பெயரோடு அதன் 11 இலக்க அடையாள எண்ணையும் குறிப்பிடுங்கள். அரசாங்கத்தின் புள்ளிவிவரத்தில் பள்ளி அந்த எண்ணால்தான் அறியப்படுகிறது. ஒரு கடிதத்தில் ஒரு பொருளைப் பற்றி மட்டும் கேளுங்கள். வகுப்பு வாரியாகத் தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கையை எழுதி, பெற்றோர் அனைவரும் கையெழுத்திடுங்கள். கல்வியாண்டு தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னரே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ற கட்டத்தை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள்.

இத்தனையும் செய்தபின் ‘இயலாது’ என்றும் விடை வரலாம். வரட்டும். காரணத்தோடு எழுதப்பட்ட ‘இயலாது’ என்பதன்மேல் முறையிட வழி இருக்கிறது. கேட்கப்படாத கேள்விக்கு எந்த அமைச்சகத்திலும் கோப்பு இல்லை. வரும் கல்வியாண்டுக்கு முன் நம் ஊர்ப் பிள்ளைகளை எண்ணும் வேலையை நாம் இன்றே தொடங்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.