பாட்டை மாத்து, பேரை அழிக்காதே

(காஞ்சிபுரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய பாட்டை எடுத்துப் புதுசாப் பாடுறது, பதிவு பண்றது தப்பா? இல்லை. நம்ம தெருவுல ஒப்பாரி ஒவ்வொரு சாவுக்கும் மாறுது. இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' எத்தனையோ குரலில் ஒலித்திருக்கிறது. அதனால் பாட்டு வளர்ந்தது. மாற்றும்போது யாருடைய பேர் உதிர்கிறது என்பதுதான் நம் கேள்வி.

நமக்குப் பக்கத்து அரக்கோணத்துக்காரர் அறிவு. அவர் எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தலைமுறையின் கதை, பாட்டி வள்ளியம்மாள் வழியாக அதில் இறங்கியிருக்கிறது. உழைத்து உண்டாக்கியவனுக்கு நிலமில்லை என்பதே அதன் சாரம்.

சில மாதத்திலேயே பிரெஞ்சுக்காரரான டிஜே ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்தார். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரத்தில் தீயும் டிஜே ஸ்னேக்கும் இருந்தார்கள், அறிவு இல்லை. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையிலும் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். பிறகுதான் இணையத்தில் அவருக்குத் தனி அட்டை. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு. மேடையில் அவர் இல்லை. வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. யாரும் யாரையும் மறைக்கவில்லை என்றார்கள். 2024ல் சந்தோஷ் நாராயணனே, பாட்டின் வருமானம் மூன்று பேருக்கும் வரவில்லை என்று அறிவித்தார்.

இதைத் தனிமனிதர்களின் கெட்ட எண்ணமாகப் பார்த்தால் விஷயம் கைநழுவிடும். காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோர்வை போட்டுக் கரையையும் உடலையும் சேர்த்து நெய்தவர் பேர் புடவையில் இருக்காது. கடை பேர் பையில் இருக்கும். உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டாம் என்பதுதான் சாதியச் சமூகத்தின் வழக்கம்.

சட்டம் என்ன சொல்லுது? பதிப்புரிமையை விற்றாலும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை போகாது என்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. உரிமையாளரின் அனுமதியில்லாமல் மறுபதிவு செய்ய, மூலப்பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு காத்திருக்கணும், ராயல்டியை முன்கூட்டியே கட்டணும் என்கிறது 2012 திருத்தம். பாடுகிறவருக்கும் உரிமை உண்டு. ஆனால் பாடின அம்மாவின் பேரே இல்லாமல் 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டுவிட்டால், அந்த உரிமையை யார் போய்க் கேட்பது?

செல்போனோடு சேரிக்குள் வரும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். பாட்டுக்கு முன்னால், பாடுகிறவர் தன் பேரையும் ஊரையும் சொல்வதைப் பதிவு பண்ணுங்க. காசு வந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, கையெழுத்துப் போட்டு ஒரு நகலை அவரிடமே கொடுங்க. மறுபடி எந்த மேடையில் பாடினாலும் அந்தப் பேரைச் சொல்லிட்டுப் பாடுங்க.

1925ல் இதே காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் வெளியேறினார். அங்கே கேட்கப்பட்டது தயவு இல்லை, பங்கு. பாட்டிலும் நாம் கேட்பது பங்குதான்.