டாக்டர் சீட்டு கேட்காத "ஆண்மை டப்பா"

(நைனார்பாளையத்தில் ஆற்றிய உரை)

ஆலையில் ஷிப்டு முடித்து வருகிறவரும், கரும்பு வெட்டி வருகிறவரும் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "ஆண்மை பெருக்கும் என்று டப்பாவில் விற்கிறானே, அதற்கு டாக்டர் சீட்டு வேண்டாமா?"

வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதையே ஊசியாகவோ மாத்திரையாகவோ விற்றால் அது மருந்து. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 'எச்' அட்டவணையில் அது அடங்கும். சீட்டில்லாமல் விற்பது குற்றம்.

டப்பாச் சரக்குகள் பலவும், சட்டத்தின் கண்ணில் உணவு! 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றில் ஹார்மோன் கலக்கவே கூடாது. நோய் தீர்க்கும் என்று சொல்லவும் கூடாது. மருந்தல்ல என்பதால்தான் சீட்டு கேட்பதில்லை. தீங்கில்லை என்று யாரும் சான்று கொடுத்துவிடவில்லை.

உள்ளே இருப்பது என்ன? பெரும்பாலும் நெருஞ்சி, வெந்தயம், அமுக்கரா, துத்தநாகம். நம் வரப்பில் காலைக் குத்துகிற அதே நெருஞ்சிதான், தோழர்களே! அது மனிதருக்கு இந்த ஹார்மோனை உயர்த்தும் என்பது சோதனைகளில் நிரூபணமாகவில்லை. நாம் பிடுங்கி எறியும் முள், டப்பாவில் ஏறியதும் நம் கூலியைப் பிடுங்குகிறது.

காசு போவதோடு நிற்பதில்லை. இத்தகைய சரக்குகள் சிலவற்றில் சில்டெனாபில் என்ற மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் பலமுறை கண்டுபிடித்துள்ளது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் இதை விழுங்கினால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

சரி, ஹார்மோன் ஊசியையே போட்டுக்கொண்டால்? தேவையில்லாமல் போட்டால் விந்தணு உற்பத்தி குறையும். பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறவனுக்கு அதுவே கேடாகும்.

போக சக்தி கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனால் உணவு என்ற பெயர் சூட்டிக்கொண்ட சரக்கு, அந்த வேலியில் சந்து பார்த்து நுழைகிறது.

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன? டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாத தோழருக்குப் படித்துச் சொல்லுங்கள். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். தூக்கமின்மை, ரத்தசோகை, சர்க்கரை நோய், குடி – களைப்புக்குக் காரணங்கள் பல. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். ஹார்மோன் குறைவா என்பதை, காலை வேளையில் எடுத்த ரத்தத்தை இரண்டு தினங்கள் சோதித்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

இதைக் கேட்க வெட்கம் வேண்டாம், தோழர்களே! நம்முடைய வெட்கம்தான் அவனுடைய மூலதனம்.