தேதி தவறும் உதவித்தொகை: அஞ்செட்டியிலிருந்து கல்லூரிக்கு

(எம்.சி. ராஜா நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எம்.சி. ராஜாவை 1920இல் சென்னை சட்டமன்றத்துக்குச் சென்றவராக, 1922இல் ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை அரசு ஏற்கத் தீர்மானம் கொண்டுவந்தவராக நினைவுகூர்கிறோம். அவர் பள்ளி ஆசிரியர், பாடநூல் எழுதியவர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அவர் காலத்துக் கேள்வி நேரடியானது: நம் பிள்ளையை வகுப்பறைக்குள் விடுவார்களா, மாட்டார்களா? நூறாண்டு கழித்து அஞ்செட்டியில் நின்று நான் கேட்பது வேறு கேள்வி: உள்ளே போன பிள்ளை மூன்றாண்டு அங்கே நிற்க முடிகிறதா?

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. நாடு முழுவதும் பட்டியல் சாதியினருக்கு 25.9, பழங்குடியினருக்கு 21.2. தமிழ்நாட்டின் 47 பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தச் சராசரிக்குள் சென்னையும் இருக்கிறது, அஞ்செட்டியும் இருக்கிறது. தவிர, சேர்க்கை விகிதம் சேர்ந்தவரைத்தான் எண்ணும். இரண்டாம் ஆண்டில் நின்றுபோனவர் ஏன் நின்றார் என்று அது சொல்லாது.

திட்டங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை, காக்கப்பட வேண்டியவை. என் வாதம் ஒன்றே ஒன்று: இன்று நம் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து வெளியே தள்ளுவது பணம் இல்லாமை மட்டுமல்ல, பணம் தேதி தவறி வருவது.

கணக்கைப் பாருங்கள். கல்லூரி ஜூன், ஜூலையில் கட்டணம் கேட்கிறது. பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அன்றாடம் காசு வேண்டும். உதவித்தொகைக்கோ சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, யூமிஸ் எண் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்குத் தாசில்தார் சான்று தருவார். பழங்குடியினருக்குக் கோட்ட அளவிலான அதிகாரி தர வேண்டும். இருளர் வீட்டுப் பிள்ளை அதற்காக மலையிறங்கும் ஒவ்வொரு நாளும் தகப்பனுக்கு ஒரு நாள் கூலி போகிறது. பெயரில் ஓர் எழுத்து பிசகினால் மறுபடி இ-சேவை மையம். இடைப்பட்ட மாதங்களில் அந்தக் குடும்பம் மகளிர் குழுக் கடனிலோ வட்டிக் கடனிலோதான் கட்டணம் கட்டுகிறது. பிற்பாடு உதவித்தொகை வந்தால் அசல் அடையும். வட்டி நம் தலையில். வீட்டில் பட்டதாரியே இல்லாதவருக்கு எந்தத் தாளை எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்லவும் ஆளில்லை.

தேதி எவ்வளவு கொடியது என்பதை உச்ச நீதிமன்றமே பார்த்தது. உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் ஒரு தினக்கூலியின் மகன், தலித் மாணவர், தன்பாத் ஐஐடியில் இடம் பெற்றார். 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாமல் இடம் பறிபோனது. 2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. அவருக்கு நீதிமன்றம் கிடைத்தது. ஊர் ஊராக நின்றுபோகிறவர்களுக்கு வழக்கு எண்கூடக் கிடையாது.

அண்ணல் அம்பேத்கருக்கும் இது நேர்ந்தது. பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேமித்து, கடனும் வாங்கி, 1920இல் மறுபடி போய்த்தான் முடித்தார். பாதியில் நிற்பதன் வலி அறிந்தவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோதுதான், 1944இல், பட்டியல் சாதி மாணவருக்கான உதவித்தொகை தொடங்கியது. ஆகவே அது சலுகை அல்ல; படிப்பு அறுபடாமல் இருக்க எழுப்பிய பாலம். பாலத்தின் பாதி மட்டும் நேரத்துக்கு வந்தால் அது பாலமாகாது.

இங்கே நம் வட்டாரத்துக்கு உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அஞ்செட்டியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கே 1970களிலிருந்து சிப்காட். இன்று வாகனத்தோடு மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலைகளும் சேர்ந்துவிட்டன. அவை வண்டி அனுப்புகின்றன, விடுதி தருகின்றன, மாதம் பிறந்தால் சம்பளம் போடுகின்றன. பிளஸ் டூ முடித்த நம் பெண்ணிடம் கல்லூரி ‘முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள்’ என்கிறது. தொழிற்சாலை ‘இந்த மாதமே வாங்கிக்கொள்’ என்கிறது. வேலைக்குப் போகிறவளைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. அந்தச் சம்பளத்தால் பதினெட்டு வயதுக்கு முன்னே நடக்கவிருந்த கல்யாணம் தள்ளிப்போன வீடுகளும் உண்டு. ஆனால் ஒப்பந்தம் முடிந்து முப்பது வயதில் வீடு திரும்பும்போது அவள் கையில் என்ன இருக்கும்? மேற்பார்வையாளர் நாற்காலிக்குப் பட்டம் கேட்கிறார்கள். அப்பன் கல்லுடைத்தான், மகள் சர்க்யூட் பலகை பூட்டுகிறாள். கூலி உயர்ந்தது, இடம் உயரவில்லை. பொருளாதார ஏற்றம் என்பது இவ்விரண்டும் சேர்ந்தது.

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: உதவித்தொகையின் முதல் தவணை சேர்க்கை நடந்த மாதத்திலேயே வர வேண்டும், வரும்வரை கட்டணம் கேட்டு மாணவரை வெளியே நிறுத்தக் கூடாது. இரண்டு: 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயரிட்டார்கள். பெயர் நல்லது. மலைக்கிராமப் பெண்களுக்குக் கல்லூரி அருகிலேயே அந்தப் பெயரில் படுக்கையும் சோறும் வேண்டும். அந்தி சாய்ந்தால் யானை நடமாடும் பாதையில் தினமும் திரும்பு என்பது சமூகநீதியல்ல. மூன்று: அரசின் நிலமும் சலுகையும் பெற்ற தொழிற்சாலைகள், வேலை செய்துகொண்டே பட்டம் முடிக்க ஷிப்டில் இடம்விட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் கல்லூரி சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டில் நான்கு தேதிகள் எழுதுங்கள்: விண்ணப்பித்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, பணம் வந்த தேதி, நின்றிருந்தால் நின்ற தேதி. பெயர் வேண்டாம், ஊரும் தேதியும் போதும். ஓராண்டு எழுதினால் அதுவே நம் ஆய்வு, மாவட்ட ஆட்சியர் முன் வைக்கும் மனுவும் அதுவே. ‘தாமதமாகிறது’ என்று சொன்னால் ‘பார்க்கிறோம்’ என்பார்கள். தேதியோடு சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.