நலம் விசாரிப்பும் நலம் பேணலும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)



நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என மிம்பரில் பலமுறை கூறியுள்ளோம். அக்கடமையில் நாமே குறைவுடையவராக இருந்ததை இன்று கூற வேண்டியுள்ளது.

காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறி மிளகு பறிப்பது நம் மலை மக்களின் பிழைப்பு. அவ்வாறு ஏறியபோது விழுந்து, முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார் நம் மஹல்லாச் சகோதரர் ஒருவர். பழம் வாங்கிச் சென்றோம்; துஆச் செய்தோம்; ஸப்ர் செய்யுமாறு கூறினோம். முதுகில் புண் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. உள்ளங்கை அகலத்திற்குப் புண்ணாகிச் சீழ் வைத்த பின்னரே அறிந்தோம்.

பின்னர் சேலத்திலிருந்து ஒருவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்தார். அவரும் சக்கர நாற்காலியில் வாழ்பவர். ஸப்ரைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. படுக்கையில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரள வேண்டும். நாற்காலியில் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். உணர்வற்ற இடம் வலித்து அறிவிக்காது, ஆகவே தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். தாமே செய்தும் காட்டினார். சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகப் பேணும் முறையை, நம்மை வெளியே நிற்கச் செய்துவிட்டுக் கற்பித்தார். மருத்துவரிடம் கேட்க நாணியவற்றை எல்லாம் அவரிடம் கேட்டதாக நம் சகோதரர் கூறினார். அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டோம்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணனும் மரத்திலிருந்து விழுந்தவரே. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தார். தசைச் சிதைவு நோயுடைய பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். மாற்றுத்திறனாளிகளே முன்னின்று நடத்திய அந்நிறுவனத்தால் ஊனமுற்ற பிள்ளைகள் கல்வியும் சிகிச்சையும் பெற்றனர். 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நமக்கு இது புதிதன்று. பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக நியமித்தார்கள். வெளியூர் செல்லும்போது மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். அவருடைய பாங்கொலி கேட்டே மக்கள் ஸஹர் உணவை நிறுத்தினர். நாமோ இத்தகையோரை உதவி பெறுவோர் வரிசையில் மட்டுமே அமர்த்தியுள்ளோம்.

கமிட்டியாரிடம் இரண்டு கோரிக்கைகள். சேலத்துச் சகோதரர் மாதம் ஒருமுறை வரச் சம்மதித்துள்ளார். பேருந்தில் அவரால் ஏற இயலாது. வாடகைக் காருக்கான தொகையை ஸதகா நிதியிலிருந்து வழங்க வேண்டும். மலையில் இந்நிலையில் உள்ள எச்சமயத்தவரும் வந்து அமரலாம். நம் சகோதரரும் பிறருக்குக் கற்பிக்க முன்வந்துள்ளார்.

மற்றொன்று, ஜும்ஆவுக்கு வரும் அவர் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு தேவை என்பது கணக்கு. நம் படிகள் இரண்டும் சேர்ந்து ஓர் அடி. முற்றத்தில் இடமும் உள்ளது. நம்மில் கொத்தனார்கள் பலர் உள்ளனர். ரமளானுக்கு முன் முடித்துத் தருமாறு வேண்டுகிறோம்.