உயிரணுக்களின் உரையாடலும் வயல்வெளி நஞ்சும்
(வெள்ளி விழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)

 

கழகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில் அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். நாம் கல்லூரியில் பயின்றது வரலாறு. ஆயினும், அறிவியலை அறிவியல் பட்டதாரிகளுக்கே உரியதென்று விட்டுவிடுதல் தகாது என்பது நம் கருத்து. நம் உடலிலுள்ள உயிரணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்கு இது ஆய்வுக்கூடத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால், வயலில் பூச்சிமருந்து தெளிக்கும் நம் உறவினர் ஒவ்வொருவரின் மூச்சும் இந்தப் பேச்சை நம்பியே இயங்குகிறது.

பாடநூல்களில் 'செல்' எனக் குறிக்கப்பெறும் உயிரணுக்கள் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ முப்பது இலட்சம் கோடி உள்ளன என்று மதிப்பிட்டுள்ளனர். இத்தனை அணுக்களும் தத்தம் விருப்பப்படி இயங்கினால் உடல் ஒரு நாளும் நிலைக்காது. ஓடும்போது இதயம் விரைய வேண்டும். உறங்கும்போது அடங்க வேண்டும். உணவு வந்தால் இரைப்பையும் குடலும் அறிய வேண்டும். இதற்கெல்லாம் செய்தி வேண்டும். அணுக்களுக்கு வாயுமில்லை, செவியுமில்லை. ஆகவே அவை வேதிப்பொருள்களைக் கொண்டு பேசுகின்றன.

இப்பேச்சு இரு வகையில் நடைபெறுகிறது. ஒன்று, குருதியின் வழியே உடலெங்கும் செல்லும் ஹார்மோன். இங்கிலாந்து நாட்டின் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், 1902ஆம் ஆண்டு, நாயொன்றின் சிறுகுடற் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அங்கு அமிலத்தை இட்டுப் பார்த்தனர். நரம்புத் தொடர்பு இல்லாதபோதும் கணையம் நீரைச் சுரந்தது. குடற்சுவர் ஒரு பொருளைக் குருதியில் விடுத்துக் கணையத்திற்குச் செய்தி அனுப்புகிறது என்பது அதனால் விளங்கியது. 1905இல் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கு 'ஹார்மோன்' என்னும் பெயரை வழங்கினார். கல்வி அலுவலகத்திலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் வரும் சுற்றறிக்கை போன்றது ஹார்மோன். எல்லாரிடமும் அது செல்லும். உரியவர் மட்டுமே செயற்படுவர்.

மற்றொன்று, நரம்பு முனை தன் அருகிலுள்ள அணுவின் கையில் நேரே கொடுக்கும் சீட்டு. இதனைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. நரம்பிலிருந்து தசைக்கோ இதயத்திற்கோ செல்வது மின் துடிப்பா, வேதிப்பொருளா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டனர். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஆட்டோ லோவி, இரவில் கனவிலே தோன்றிய சோதனை ஒன்றைத் தூக்கக் கலக்கத்தில் தாளில் குறித்து வைத்தார். விடிந்தபின் தம் எழுத்தைத் தம்மாலேயே படிக்க இயலவில்லை. மறுநாள் இரவும் அதே எண்ணம் தோன்றவே, காத்திராமல் எழுந்து ஆய்வுக்கூடத்திற்கே சென்றுவிட்டார் என்று அவரே கூறியுள்ளார்.

அவர் இரு தவளைகளின் இதயங்களை உப்புநீரில் துடிக்க வைத்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு மெலிந்தது. அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து இரண்டாம் இதயத்தில் விட்டார். எந்த நரம்பும் தூண்டப்படாத அவ்விதயமும் மெலிந்தது! நரம்பு விடுத்த பொருள் ஒன்று நீரில் கலந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1921இல் இச்சோதனை வெளியாயிற்று. அப்பொருளே அசிட்டைல்கோலின். அதன் செயல்களை 1914இலேயே ஆராய்ந்திருந்த ஹென்றி டேலுக்கும் லோவிக்கும் 1936ஆம் ஆண்டின் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அத்தகைய பேரறிஞரை, யூதர் என்னும் ஒரே காரணத்தால் 1938இல் நாஜிகள் சிறையிலிட்டனர்; பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டே நாட்டைவிட்டுப் போகவிட்டனர். பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் கொடுமை எந்நாட்டிற்கும் புதிதன்று.

செய்தியை அனுப்பினால் மட்டும் போதுமா? பெறுபவர் வேண்டுமன்றோ? கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர், நரம்பு அற்றுப்போன தசையும் நிக்கோட்டின் பட்டால் சுருங்குவதையும், குராரே என்னும் அம்பு நஞ்சு அதனைத் தடுப்பதையும் கண்டார். ஆகவே தசையிலேயே செய்தியைப் பெறும் பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1905இல் உரைத்தார். அதனையே இன்று 'ஏற்பி' என்கிறோம். ஏற்பி என்பது அணுவின் மேலுறையில் அமைந்த ஒரு புரதம்; சில ஹார்மோன்களுக்கு அது அணுவின் உள்ளேயும் இருக்கும். பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல் உரிய பொருள் அதில் பொருந்துகிறது. தசையிலுள்ள ஏற்பி தானே ஒரு வாயிலாகித் திறந்து, சோடிய அயனிகளை உள்ளே விடுகிறது, தசை சுருங்குகிறது. இதயத்திலும் சுரப்பிகளிலும் உள்ள ஏற்பியோ, செய்தியை உள்ளிருக்கும் உதவியாளர் கையில் ஒப்படைக்கிறது. ஜி-புரதம் எனப்படும் அவ்வுதவியாளரைக் கண்டறிந்த கில்மன், ராட்பெல் ஆகியோர் 1994இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒரே அசிட்டைல்கோலின் கைத்தசையைச் சுருக்குகிறது, இதயத்தைத் தணிக்கிறது, வாயில் எச்சிலை ஊறச் செய்கிறது. சொல் ஒன்று, கேட்பவர் வேறு, ஆகவே விளைவும் வேறு.

இனி, பலர் எண்ணிப் பாராத மூன்றாவது உறுப்பு ஒன்று உண்டு. வகுப்பறையில் ஒரு பாடம் முடிந்ததும் கரும்பலகையைத் துடைக்கிறோம். துடைக்காமல் எழுத்தின்மேல் எழுத்தாக எழுதிக்கொண்டே போனால் எந்தப் பாடமும் விளங்காது. அதுபோல, கொடுத்த செய்தியை உடனே அழித்தாக வேண்டும். அதற்கென நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் ஒரு நொதி காத்திருக்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ் என்பது அதன் பெயர். அந்நொதியின் ஒரு மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லது. இத்துடைப்பான் இருப்பதனாலேயே நாம் கையை மடக்கவும் முடிகிறது, உடனே நீட்டவும் முடிகிறது.

பெரியோர்களே! இந்தத் துடைப்பானைப் பிடித்துக் கட்டிப்போடுவதுதான் வயலில் தெளிக்கும் ஆர்கனோ பாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் வேலை. ஜெர்மனியில் ஷ்ரேடர் என்னும் வேதியியலார் பூச்சிக்கொல்லி தேடும் முயற்சியில் 1936இல் ஒரு பொருளைக் கண்டார். அது மனிதரையே கொல்லும் டாபுன் என்னும் போர் நச்சாயிற்று. அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் முதலியன. வலிமையில் வேறுபாடு உண்டு. செய்யும் வேலை ஒன்றே. பூச்சியின் நரம்பும் அசிட்டைல்கோலினைக் கொண்டே பேசுகிறது. ஆகவே பூச்சிக்கு வைத்த நஞ்சு மனிதனையும் தாக்குகிறது.

துடைப்பான் கட்டுண்டபின் நிகழ்வதென்ன? செய்தி அழியாமல் குவிகிறது. சுரப்பிகள் ஓயாமல் சுரக்கின்றன: கண்ணில் நீர், வாயில் எச்சில், உடலெங்கும் வியர்வை, மூச்சுக்குழலில் சளிநீர். வயிறு பிசைந்து வாந்தியும் கழிச்சலும் உண்டாகின்றன. கண்ணின் பாவை ஊசிமுனை அளவாகச் சுருங்குகிறது. தசைகள் தோலின்கீழ்த் துள்ளித் துடிக்கின்றன. பின்னர்ச் சோர்ந்து செயலிழக்கின்றன. மூச்சுத் தசையும் சோர்ந்தால் உயிர் போகிறது.

இந்நஞ்சைக் குடித்தால்தான் ஆபத்து என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இது உடலிற் சேரும். முதுகில் சுமந்த தெளிப்பான் ஒழுகிச் சட்டை நனைந்தால், அச்சட்டையே நஞ்சைப் புகட்டிக்கொண்டிருக்கும். மேலும், கட்டுண்ட நொதிக்கு ஈடாகப் புது நொதியை உடல் உண்டாக்கப் பல நாட்களும் வாரங்களும் ஆகும். ஆகவே, நேற்றும் இன்றும் நாளையும் தொடர்ந்து தெளிப்பவர்க்குச் சிறு சிறு இழப்பும் சேர்ந்து பெரிதாகும். தலைவலியும் வியர்வையும் மயக்கமும் வந்தால் 'வெயில் அடித்துவிட்டது' என்று வரப்பு நிழலில் படுக்க வைக்கிறோம். நிழல் இதற்கு மருந்தன்று. கண்ணின் பாவையைப் பாருங்கள். எச்சில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஆனால் பாவை சுருங்கவில்லை என்பதனால் அச்சமில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

நஞ்சு சாதி பார்ப்பதில்லை. அணுக்களின் மொழியில் மேலோர் மொழி, கீழோர் மொழி என்று இரண்டில்லை; எல்லார் நரம்பிலும் ஊறுவது ஒரே அசிட்டைல்கோலின்தான். ஆனால், நஞ்சுத் தொட்டியை யார் முதுகில் ஏற்றுவது என்பதைச் சமுதாயம் பார்த்தே முடிவு செய்கிறது. நிலமுடையவர் வரப்பில் நிற்கிறார். நிலமற்றவர் கையுறையுமின்றி, முகத்திரையுமின்றிப் பயிருக்குள் நடக்கிறார். 2017ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் இருபது பேர் அளவில் மாண்டனர். 2013ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட குழந்தைகளுள் இருபத்து மூவர் மடிந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. சத்துணவுக் கூடத்திற்கும் பொறுப்புடைய தலைமையாசிரியர் எவரும் இதனை மறக்க இயலாது. மருந்து இருந்த டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. தாய்மார்களே, அதனை இன்றோடு விட்டொழியுங்கள்.

இந்நஞ்சுக்கு மாற்று உண்டா? உண்டு. ஏற்பியைப் பற்றிய அறிவே அதனைத் தந்தது. அட்ரோபின் என்னும் மருந்து சுரப்பி, இதயம், மூச்சுக்குழல் ஆகியவற்றிலுள்ள ஏற்பிகளில் போய் அமர்ந்துகொள்கிறது. அது பூட்டில் நுழையும். ஆனால் திறக்காத சாவி. குவிந்துள்ள அசிட்டைல்கோலினுக்கு இடமில்லாமற் போகிறது, சளிநீர் வற்றுகிறது, இதயம் தேறுகிறது. ஆயினும் தசையிலுள்ள ஏற்பி வேறு வகையானது. அட்ரோபின் அங்குச் செல்லாது. ஆகவே மூச்சுத் தசை சோர்ந்தவர்க்குச் செயற்கைச் சுவாசக் கருவி இன்றியமையாதது. அதனாலேயே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும் என்கிறோம்.

நாமறிந்த ஊமத்தையிலும் அட்ரோபின் உண்டு. ஊமத்தை தின்றவர்க்கு வாய் உலர்வதும், பாவை விரிவதும், பிதற்றல் காண்பதும் இதனால்தான். அதைக் கேட்டு எவரேனும் ஊமத்தைச் சாற்றைப் புகட்ட முற்பட்டால், அது ஒரு நஞ்சின்மேல் மற்றொரு நஞ்சாகும். இலைக்கு இலை, காய்க்குக் காய் அளவு மாறும். அளவறிந்து, நாடி பார்த்து, திரும்பத் திரும்ப ஊசி வழியே செலுத்துவது மருத்துவர் பணி.

ஒரே அறிவு எவ்வாறு காக்கவும் உதவும் என்பதற்கு இன்னுமொரு சான்று. மயாஸ்தீனியா கிரேவிஸ் என்னும் நோயில், உடலின் எதிர்ப்பொருள்களே தசையின் ஏற்பிகளை அழிக்கின்றன. செய்தி வரும், கேட்கும் செவி குறைவு. இமை சரியும், விழுங்க முடியாது. 1934இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர், துடைப்பானைச் சிறிது நேரம் மட்டும் தடுக்கும் பைசோஸ்டிக்மைனை இந்நோயாளிக்குச் செலுத்தினார். செய்தி சற்றே நீடித்தது. எஞ்சிய ஏற்பிகள் அதனைக் கேட்டன. தளர்ந்த தசை வலுப்பெற்றது. வயலில் உயிரைக் குடிக்கும் அதே தடை, அளவோடும் அறிவோடும் மருத்துவர் கையில் உயிரைத் தருகிறது.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வன இவை. தெளிக்கும் வேலைக்குச் செல்பவர் முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகத்திரையும் கேட்டுப் பெறுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காற்றுக்கு எதிரே நின்று தெளிக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து உடையை மாற்றிய பின்னரே உணவில் கை வையுங்கள். ஒருவர் மயங்கினால், உங்கள் கையைக் காத்துக்கொண்டு அவருடைய நனைந்த உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு கழுவி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 எண்ணை அழையுங்கள். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் பெயரே மருத்துவர்க்கு வழி காட்டும். காலம் கடந்தால் நஞ்சு நொதியோடு இறுகிவிடும். பின்னர் அதனை விடுவித்தல் அரிது.

மாணவச் செல்வங்களே! அப்புட்டியின்மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்து அப்பாவுக்குச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. அதிலுள்ள சாய்சதுரத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலமும் பச்சையும் வலிமை குறைந்தவை. எட்டாம் வகுப்பு அறிவு ஒரு குடும்பத்தைக் காக்கும். அதற்கு மேலும் படியுங்கள். வேதியியலும் உயிரியலும் நமக்கு எட்டாதவை என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். நம் வயல்களில் தெளிக்கப்படும் நஞ்சைப் பற்றிய ஆய்வை, அவ்வயல்களில் உழைத்தவரின் பிள்ளைகளே செய்யும் நாள் வரவேண்டும்.

செய்தியும், அதைக் கேட்கும் செவியும், முடிந்ததை முடித்துவைக்கும் ஒழுங்கும் கூடி இயங்குவதே உடல். அவ்வொழுங்கு குலையாமல் நம் மக்கள் மாலையில் நலமுடன் வீடு திரும்பவேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம். கழகம் பொன்விழாவும் கண்டு வளர்க என வாழ்த்தி விடைபெறுகிறோம்.